ஐந்தாவது பொம்மை

கரண்டியண்ணனுக்கு வாய் அதிகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரே, "அத ஏன்யா விட்டுட்டே?" என்று சண்டைக்கு வருவார். முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் சமைத்தவர். ஆள் ஒல்லிக்குச்சி. கையில் எப்போதும் ஒரு நீளக் கரண்டி இருக்கும். கேப்டனே ஆனாலும் பூட்ஸ் காலோடு சமையலறைக்குள் வந்தால் அந்தக் கரண்டி முழங்காலைப் பதம் பார்க்கும். "வெளிய நீங்க கேப்டன். உள்ள நான்தான். கழட்டுங்க சார்" என்பார். கேப்டனும் முணுமுணுத்துக்கொண்டே கழற்றுவார்.

இன்னொன்று, அவர்மேல் எப்போதும் வெங்காய வாடை அடிக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்த வாடையால் அவர் உயிரே போக இருந்தது. அதற்குக் காரணம் நான்தான்.

நான் அந்தக் கப்பலில் செகண்ட் மேட். கேப்டனிலிருந்து எண்ணினால் மூன்றாவது ஆள். அபாய மணி அடித்தால் ஆட்களை எண்ணுவது என் வேலை. மொத்தம் இருபது பேர். "இருபது வரைக்கும் எண்ணத் தெரியாதா மாப்ள?" என்று என் மாமனார் இன்றைக்கும் விருந்தாளிகள் முன்னால் கேட்கிறார்.

கொள்ளையர் திரியும் கடலுக்குள் நுழைந்ததும் எங்கள் கப்பலில் பொம்மை வேலை ஆரம்பித்துவிடும். பழைய ஆரஞ்சு உடுப்புக்குள் சாக்கைத் திணித்து, துணி மூட்டையால் தலை செய்து, ஹெல்மெட்டைக் கவிழ்த்து, மேல்தளத்துக் கம்பியோரம் வரிசையாகக் கட்டி நிறுத்துவோம். தூரத்திலிருந்து பார்த்தால் காவலுக்கு ஆள் நிற்பது போலத் தெரிய வேண்டும். செய்வது கரண்டியண்ணன்தான், ஏனென்றால் வெங்காயச் சாக்கெல்லாம் அவரிடம்தான் இருந்தது. ஐந்து பொம்மைகளுக்கும் மாமியார் வீட்டு உறவாகப் பார்த்துப் பெயர் வைத்தார். மாமனார், பெரிய மச்சான், சின்ன மச்சான், சகலை, மாப்பிள்ளை. "சும்மா நிக்கிறதுல இதுங்களும் அவங்களும் ஒண்ணுதான்" என்பார்.

முதல் நாள் காற்றில் ஐந்தாவதான மாப்பிள்ளைக்குக் கழுத்துத் தையல் விட்டுப்போயிற்று. அண்ணன் யாரிடமும் சொல்லாமல் அதைக் கீழே சுக்கான் அறைக்குத் தூக்கி வந்து, பாதி தைத்து, சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அந்தச் சுக்கான் அறைதான் எங்கள் புகலிடமும். கொள்ளையர் ஏறினால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் அங்கே போய் இரும்புக் கதவைத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். கடற்படைக்கு ஒரு விதி உண்டு. ஒருத்தர் விடாமல் எல்லோரும் உள்ளே இருந்தால்தான் கப்பலில் குதிப்பார்கள். ஒரே ஒரு ஆள் வெளியே மாட்டியிருந்தாலும் வரமாட்டார்கள், அவன் குண்டடி பட்டுச் சாவான் என்று. வராவிட்டால் மாதக்கணக்கில் கொள்ளையருக்கு விருந்தாளி ஆக வேண்டியதுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கொள்ளையர் ஏறினார்கள். ஏழு பேர், ஒரு அலுமினிய ஏணி, காலில் ரப்பர் செருப்பு. செருப்பைக் கால்விரலால் துப்பாக்கியைவிட ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மணி அடித்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம்.

உள்ளே இயந்திரம் நின்று கும்மிருட்டு. ஒரே ஒரு டார்ச், அதுவும் கேப்டன் கையில், ரேடியோவுக்குப் பக்கத்தில். நான் ஹெல்மெட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பதினெட்டு, என்னோடு பத்தொன்பது. சுவரோரம் சாய்ந்திருந்ததைத் தொட்டேன். குப்பென்று வெங்காய வாடை. அண்ணன்தான், பயத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அந்த வாய் அடைக்குமா என்று ஒரு நொடி யோசித்திருக்க வேண்டாமா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இருபது சார்" என்றேன்.

கேப்டன் ரேடியோவில் சொன்னார், எல்லோரும் உள்ளே, மேல்தளத்தில் ஐந்து பொம்மைகள் நிற்கின்றன, ஏமாந்துவிடாதீர்கள் என்று. மூன்று மணிக்கு வருகிறோம், அசைகிற எதையும் விடமாட்டோம் என்று பதில் வந்தது.

இரண்டரை மணி வாக்கில் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தேன். அண்ணன் மட்டும் வாங்கவில்லை. "என்னண்ணே, நம்ம பிஸ்கட்டுன்னா அவ்வளவு இளக்காரமா?" என்று தோளை உலுக்கினேன். தலை கழன்று என் மடியில் விழுந்தது.

அப்படியென்றால் அண்ணன் வெளியே. சொன்னால் கடற்படை திரும்பிவிடும், பத்தொன்பது பேரும் மாட்டிக்கொள்வோம். சொல்லாவிட்டால் அண்ணனைச் சுட்டுவிடுவார்கள். என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். நான் அந்தத் தலையை மெதுவாக எடுத்துக் கழுத்தில் வைத்தேன். மடியில் பிஸ்கட்டையும் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பதினைந்து நிமிடம். கைக்கடிகாரத்தில் முள் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது, அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. "சார், கரண்டியண்ணன் வெளிய இருக்காரு" என்றேன். இப்போதுதான் பார்த்ததாகச் சொன்னேன். கேப்டன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரேடியோவில் கத்தினார். அவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள், பதிலே இல்லை. கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சத்தம், அப்புறம் படபடவென்று வெடி.

வெளியே நடந்ததை அண்ணன் பிறகு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி. மணி அடித்தபோது அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. மீன் வறுவல். கப்பல் சமையல்காரனுக்கு முதல் கடமை தீ. ஒவ்வொரு அடுப்பாக அணைத்து, சட்டியை மூடி, படியிறங்கி வந்தால் இரும்புக் கதவு மூடியிருக்கிறது. மேலே செருப்புச் சத்தம். தட்டினால் எங்கள் இடம் தெரிந்துவிடும். மனுஷன் தட்டவில்லை. பக்கத்து ஏணி வழியாக மேல்தளத்துக்குப் போய், காலியாகக் கிடந்த மாப்பிள்ளையின் இடத்தில் நின்றுகொண்டார். எல்லோரையும் போல அவர் மேலும் அதே ஆரஞ்சு உடுப்பு, அதே ஹெல்மெட். கயிற்றுக்குள் கையை நுழைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

கொள்ளையரில் ஒருத்தன் வந்து மாமனார் பொம்மையை எட்டி உதைத்தான். வெங்காயச் சருகு பறந்தது. எல்லோரும் சிரித்துவிட்டு மற்றவற்றைச் சட்டை செய்யாமல் விட்டார்கள். இன்னொருத்தன் தன் ஈரத் துண்டை அண்ணன் தோளில் காயப்போட்டான். ஐந்து மணி நேர வெயிலில், தும்மல்கூடப் போடாமல் அந்த வாய் மூடியிருந்தது.

நாங்கள் கதவைத் திறந்து ஓடி வந்தபோது ஏழு பேரும் குப்புறக் கிடந்தார்கள், உயிரோடு, கை கட்டப்பட்டு. "எங்க ஆளு ஒருத்தன் இங்க இருந்தான்!" என்று கேப்டன் கத்தினார். கடற்படை அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரும் இல்லை. ஐந்து பொம்மைகள் என்றீர்கள். எண்ணிவிட்டோம், ஐந்துதான் இருக்கின்றன" என்றார்.

அப்போது ஐந்தாவது பொம்மை திரும்பாமலே பேசியது. "சார், அடுப்ப அணைச்சிட்டேன்."

கேப்டன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதோடு கடலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு அண்ணன் ஊரில் ஒரு சின்ன மெஸ் வைத்தார். ஆறு மேசை. பரிமாறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார், சந்தேகம் வந்தால் கிள்ளியும் பார்ப்பார். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் போவேன், சாப்பிடுவேன், பிஸ்கட் கதைக்குச் சிரிப்பேன். அந்தப் பதினைந்து நிமிடத்தை மட்டும் சொன்னதே இல்லை.

போன மாதம் சொல்லிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில், ஏனென்று தெரியாமல், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அண்ணன் கரண்டியை ஆட்டினார். "அடப் போய்யா. நானா இருந்தா அந்தப் பொம்மையோட பிஸ்கட்டையும் தின்னுட்டுத்தான் சொல்லியிருப்பேன்."

கல்லாவில் இருந்த அண்ணி சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் முன்னாலிருந்த தட்டை எடுத்தார்.

"பதினஞ்சு நிமிஷம் வெளிய வெயில்ல நில்லுங்க தம்பி. அப்புறமா வந்து சாப்பிடுங்க."

"அடியே, என்னடி இது?" என்றார் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. அவர் கடியாரத்தப் பார்த்துக்கிட்டு இருந்தாரே, அந்த நேரத்துல நான் இங்க உங்க சட்டைக்குப் பட்டன் தச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

 கை கழுவிவிட்டு வாசலில் போய் நின்றேன். உச்சி வெயில். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். உள்ளே அண்ணன் தலைகளை எண்ணுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அப்புறம் கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

"ஒரு ஆளு குறையுதுய்யா. உள்ள வா."

அவருக்குப் பின்னால் அண்ணி என் தட்டோடு நின்றிருந்தார். மணி பார்த்தேன். ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது.