சாவிக்குப் பிளாஸ்திரி போட்ட வாரம்

1991-இல் ஒரகடம் பக்கத்தில் ஒரு மருந்து கம்பெனியின் அனிமல் ஹவுஸில், சோதனை எலிகளுக்குத் தீனி போடும் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாவது மாதமே மெமோ வந்தது. 'தீனியில் கவனக்குறைவு. எலிகளுக்கு வலிப்பு.'

வலிப்பு மருந்தைச் சோதிப்பதற்காக அந்த மாதம்தான் வந்து இறங்கிய எலிகள் அவை. வலிப்பு அவற்றின் பரம்பரையிலேயே இருந்தது. ஒருமுறை இழுத்தாலே மூளை அடிபடும், சில செத்துப்போகும். சோதனைக்கு முன்பே ஒரே வாரத்தில் பதினோரு எலிகள் போய்விட்டன. நான் அப்போது ப்ரொபேஷனில் இருந்தேன்.

மேனேஜர் தணிகாசலத்தின் இடுப்பில் பெரிய சாவிக்கொத்து தொங்கும். ஒவ்வொரு கூண்டருகிலும் அதைக் குலுக்கிக்கொண்டே பேசுவார்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, தீனில இன்னா கலக்குற? நா வந்தாலே இழுத்துகினு கீது."

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். எல்லா வலிப்பும் பத்தேகால் மணிக்கு. அவர் ரவுண்ட்ஸ் வரும் நேரம். முதலில் அவர் மீசையைத்தான் சந்தேகப்பட்டேன். மறுநாள், அவர் சாவியைக் குலுக்கிய மறு நொடி ஓர் எலி சுருண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

மேனேஜரிடம் இதை எப்படிச் சொல்வது?

"சார், சாவியெல்லாம் துரு புடிச்சிருக்கு. குடுங்க, எண்ணெ போட்டுத் தர்றேன்."

ஒவ்வொரு சாவிக்கும் பிளாஸ்திரி சுற்றிக் கொடுத்தேன். "இனிமே துரு புடிக்காது சார்."

அதற்குப் பிறகு மூன்று நாளும் ஓர் எலிக்கும் வலிப்பில்லை.

"பாத்தியா? மெமோ குடுத்தாதான் வேல நடக்குது," என்றார்.

நான் தினமும் ரிஜிஸ்டரில் எழுதினேன்: 'மணி 10.15. மேனேஜர் வந்தார். சாவிக்குப் பிளாஸ்திரி. வலிப்பு இல்லை.'

சனிக்கிழமை ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வந்த கால்நடை டாக்டர் ஹேமாவதி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். மேனேஜரும் பக்கத்தில் இருந்தார்.

"சாவிக்கு எதுக்கு ஸ்டெல்லா பிளாஸ்திரி? அடி பட்டுச்சா?"

"எலிக்கு அடிபடக் கூடாதுன்னு மேடம்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கீச்சென்ற உலோகச் சத்தம் இந்த ரக எலிக்கு வலிப்பை வரவழைக்கும் என்று விளக்கினார். தணிகாசலம் கொத்தைக் கழற்றிச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தார். அன்று சாயங்காலமே என் மெமோவை அவர் கையாலேயே கிழித்தார்.

"எனக்கு ஒரு மெமோ குடுக்கணும்னா யாரும்மா குடுப்பா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை, சிரித்தால் வேலை போய்விடும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். யார்மேல் தப்பு என்று ரிஜிஸ்டரில் எழுதாதீர்கள். மணியையும் கண்ணால் கண்டதையும் எழுதுங்கள். எழுதியதை அன்றைக்கே திரும்பப் படியுங்கள். நான் படிக்க ஒரு வாரம் ஆனது, அதற்குள் பதினோரு எலிகள் செத்திருந்தன.