பந்தலடியில் எடுத்த படம்

சௌசௌப் பந்தலடியில் உதிர்ந்த காய்களைப் பொறுக்கப் போன என் வீட்டுக்காரர் கையை உதறிக்கொண்டே வந்தார். "எட்டுக்காலி கடிச்சிருச்சு புள்ள," என்றார். நடுவிரலில் ஒரு பொட்டு ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். எட்டுக்காலிக்கெல்லாம் வண்டிப்பெரியாருக்கு ஜீப் பிடித்தால் எஸ்டேட் லயத்து வீடெல்லாம் சிரிக்கும் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிடிவாதம் அந்த மனுஷனுக்குக் கூடவே பிறந்தது.

எந்தச் சிலந்தி என்றாவது தெரிய வேண்டாமா? செல்போனோடு பந்தலுக்கு ஓடினேன். பந்தல் காலுக்கும் காப்பிச் செடிக்கும் நடுவே, முழங்கால் உயரத்தில் வட்ட வலை. மையத்தில் மஞ்சள் பட்டை போட்ட பெரிய சிலந்தி, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தலைகீழாக இருந்தது. வலை முழுக்க விழ வேண்டுமென்று சருகில் மண்டியிட்டுப் படம் எடுத்தேன்.

கோட்டயத்தில் விலங்கியல் படிக்கும் மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். வலை நடுவே வெள்ளை இழையால் பெருக்கல் குறி போட்டிருக்கிறதே, அதனால் கையெழுத்துச் சிலந்தி என்று பெயராம். கடித்தாலும் மனுஷருக்கு ஒன்றும் ஆகாதாம். அப்பாடா என்று சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். "நாந்தான் சொன்னேன்ல," என்று அவர் டீ கேட்டார்.

டீயை நீட்டினேன். டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. மஞ்சளுக்கு அடியில் நீலம் பூத்து, வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. ஒன்றும் செய்யாத சிலந்தி இதைச் செய்யுமா? மறுபடி படத்தைப் பார்த்தேன். வலையில் ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. இவர் கை அதைத் தொடவேயில்லை.

"ஏங்க, அது கடிச்சதக் கண்ணால பாத்தீங்களா?"

"சருகுக்குள்ள கைய விட்டேன், சுருக்குன்னுச்சு. நிமிந்தா மூஞ்சிக்கு நேரா அதுதான் இருந்துச்சு." சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிப்போனது.

வண்டிப்பெரியாருக்கு ஜீப் பிடித்தோம். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் போலிருந்தது. என்ன கடித்தது என்று டாக்டர் மலையாளத்தில் கேட்க, போனை நீட்டினேன். சிலந்தியை விட்டுவிட்டு அவர் படத்தின் அடிப்பகுதியைப் பெரிதாக்கினார். சருகோடு சருகாகச் சுருண்டு கிடந்தது ஒரு குழிவிரியன் பாம்பு.

ஆள் பிழைத்து வீடு வந்துவிட்டார். அந்த விரல் மட்டும் இன்றும் மடங்காது. படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அதன் கீழ் ஓரத்தில் என் நைட்டியின் விளிம்பும் விழுந்திருக்கிறது. பாம்பின் தலைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.