ஆல்ப்ஸ் மலைக்குச் சூலம் பார்த்த கதை

பிரான்ஸ் தேசத்து மலையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதைப் பலமுறை ஏறி இறங்கியவள் நான். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் கோரைப்பாயை விரித்து, அதன்மேல் வரைபடத்தைப் பரப்பி, நான்கு மூலைக்கும் நான்கு எடைக்கற்களை வைத்து ஏறினேன். கற்கள் என் மாமியாருடையவை. அத்தை மார்க்கெட்டில் மீன் விற்றார். அதனால் எங்கள் ஆல்ப்ஸில் எப்போதும் கொஞ்சம் வஞ்சிர வாடை அடிக்கும்.

என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முன்பே சேர்ந்தவர். கொடி இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை. எங்கோ கிழக்கே சண்டைக்குப் போய், உயிரோடு திரும்பி, தெற்குப் பிரான்சில் கடற்கரை ஓரமாக ஒரு முகாமில் இருந்தார். நடுவில் பெர்மிசியோன் என்று அவர்கள் சொல்லும் லீவில் ஊருக்கு வந்தபோது என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். லீவு முடிந்தது, போய்விட்டார். நாங்கள் ஒன்றாக இருந்தது அவ்வளவுதான்.

நான் முதலியார்பேட்டைப் பெண். என் அப்பா கடல் தொழிலை விட்டு மில் வேலைக்குப் போனவர். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சரானேன். எங்கள் தெருவில் வரைபடம் பார்க்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இருந்ததில்லை, நானே சொல்லிவிடுவேன்.

அவரிடமிருந்து அந்த முறை வந்த கடிதத்தோடு வரைபடமும் வந்தது. பின்பக்கம் எஞ்சின் வைத்த சின்னக் கார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருக்கிறாராம். பட்டாளமே எனக்குக் கப்பல் டிக்கெட் தருமாம். மார்செய் துறைமுகத்தில் என்னை ஏற்றிக்கொண்டு மலைப் பக்கம் சுற்றிவரலாம், எந்தெந்த ஊர் என்று நீயே முடிவு செய், உனக்குத்தான் அதெல்லாம் வரும் என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரிக்காக அவரை மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டிருப்பேன்.

அப்போது என் நிலைமையைச் சொல்ல வேண்டும். அவர் முகத்தை நினைத்தால் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோதான் நினைவுக்கு வரும், ஆள் வரமாட்டார். குரல் சுத்தமாக மறந்துவிட்டது. அதை நினைத்து நான் பயந்திருக்கிறேன். இந்தப் பயணம் நடந்தால் நான் அவருக்குப் பெண்டாட்டி. நடக்காவிட்டால் மீன்காரம்மா வீட்டில் குடியிருக்கும் டீச்சரம்மா, அதற்குமேல் ஒன்றுமில்லை. அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. ஆகவே இது நடந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் அநேகமாக நடந்துவிடும்.

முதலில் போட்ட திட்டத்தில் வெனிஸ், மிலான், ஜெனிவா எல்லாம் இருந்தன. ஒரு நூலை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்து அளந்து, விழுப்புரம் பஸ் போகிற வேகத்தில் கணக்குப் போட்டேன். விழுப்புரம் பஸ்ஸே இவ்வளவு போனால் பிரான்ஸ் கார் எவ்வளவு போகும் என்று கொஞ்சம் கூட்டியும் வைத்தேன். அவர் பதில் எழுதினார்: மலையில் அந்தக் கார் மாட்டுவண்டியைவிடச் சற்று வேகமாகப் போகும், ஏற்றத்தில் கொதித்துவிடும், நிறுத்தி ஆறவைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு கணவாய்க்கு மேல் ஆசைப்படாதே. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக என் திட்டத்திலிருந்து முதலில் இத்தாலி போயிற்று, பிறகு ஸ்விட்சர்லாந்து போயிற்று. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. செய்ய முடிந்ததைச் சரியாகச் செய்வதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லிக்கொடுப்பவள் நான்.

அடுத்த தப்பு இன்னும் பெரியது. பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை என்பதால் மே மாதம் என்று குறித்திருந்தேன். அக்னி நட்சத்திரத்தில் புதுச்சேரியில் தார் உருகும். அந்த வெயிலில் உலகத்தில் எங்கேயாவது பனி மிச்சமிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? நான் குறித்திருந்த கலிபியே கணவாய் மேலே ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும், ஜூன் பாதிக்குப் பிறகுதான் பாதையை வெட்டித் திறப்பார்கள் என்று அவர் எழுதியிருந்தார். தலைமை ஆசிரியையிடம் போய் நின்று, பேசிப் பேசி, விடுமுறை முடிந்த பிறகும் லீவு வாங்கிவிட்டேன். ஆனால் அத்தையிடம் சொன்னபோது அவர் விரல் விட்டு மாதத்தை எண்ணிப் பார்த்து, ஆடி பிறந்துவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருக்கக் கூடாது என்றார். கல்யாணமாகி வருஷமாகிவிட்டதே என்றேன். நீங்கள் சேர்ந்திருந்த நாளைக் கணக்குப் பார்த்தால் இன்னும் புதுப் பெண்டாட்டிதான் என்றார். ஆனிக்கு முன்னால் பனி, ஆனிக்குப் பின்னால் ஆடி. நடுவில் கிடைத்த சந்தில் என் ஆல்ப்ஸை நுழைத்தேன்.

அதோடு விட்டாரா? அதற்கப்புறம்தான் சூலம் பார்க்க ஆரம்பித்தார்.

தினமும் மார்க்கெட் முடிந்து வந்து, குளித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். திங்கட்கிழமை எங்கே, செவ்வாய்க்கிழமை எங்கே என்று கேட்பார். திங்கட்கிழமை மார்செயில் கிளம்பி வடக்கே சிஸ்தெரோன் போய் அங்கே தங்குகிறோம் என்பேன். சரி என்பார். செவ்வாய்க்கிழமை அங்கிருந்து வடக்கே பிரியான்சோன் என்பேன். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், ஆகாது என்பார். அப்படியானால் இரண்டு நாள் சும்மா உட்காரவா என்று கேட்டால், உட்கார்ந்திருங்கள், அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது சொல் என்பார். நான் சொல்ல வேண்டும். பாறைமேல் ஒரு கோட்டை இருக்கிறது, கீழே ஆறு ஓடுகிறது என்று என் வீட்டுக்காரர் கடிதத்தில் எழுதியதையெல்லாம் சொல்ல வேண்டும். ஆற்றில் மீன் உண்டா என்று கேட்பார். அது என்ன மீன் என்பார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்களே, அதுதான் நடந்தது. புருஷன் சரி என்கிறார், பட்டாளம் சரி என்கிறது, பனிகூடச் சரி என்கிறது, பஞ்சாங்கம் குறுக்கே நிற்கிறது. ஆனால் அப்பா கடலை விட்டதிலிருந்து என் அம்மாவும் சூலம் பார்ப்பவள்தான், அதிலிருந்து தப்பிக்கிற வழியும் எனக்குத் தெரியும். வாசலை விட்டு முதலில் எந்தத் திசையில் கால் வைக்கிறோமோ அதுதான் கணக்கு. சிஸ்தெரோனில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி முதலில் கிழக்கே போய், பிறகு அக்கரையிலேயே வடக்கே திரும்பும் ஒரு சின்னப் பாதை வரைபடத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு அதைப் போட்டேன். புதன்கிழமை பிரியான்சோனில் காருக்கும் எங்களுக்கும் ஓய்வு. வியாழக்கிழமை கலிபியே ஏற்றம். பஞ்சாங்கத்துக்கும் எஞ்சினுக்கும் ஒரே சமயத்தில் ஒத்துப்போகிற திட்டத்தை ஆல்ப்ஸ் மலை அதுவரை பார்த்திருக்காது. பிறகு நாங்கள் போனபோது அந்தத் திட்டத்தில் ஒரு ஊரைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

சண்டை வந்தது ஷாமோனியில்.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் இருக்கும் ஆன்சிக்கு வந்து சேர்கிறோம். சனிக்கிழமை அங்கிருந்து கிழக்கே ஷாமோனி போனால், எல்லாவற்றிலும் உயரமான அந்த வெள்ளை மலையைப் பார்க்கலாம். எனக்கு அதுதான் முக்கியம். அத்தை வெற்றிலையை மென்றபடி, சனிக்கிழமை கிழக்கே சூலம் என்றார். வேறு திசையில் கிளம்பிச் சுற்றிப்போக அங்கே தோதான பாதை வரைபடத்தில் சிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் திரும்பி வர நாள் போதாது. ஷாமோனியை வெட்ட வேண்டும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வேறு என் தலையைத் தின்றிருந்தார்கள். கையிலிருந்த பென்சிலைப் பாயில் போட்டேன்.

“சனிக்கெழம கெழக்க போவக் கூடாதுன்னா, ஒங்க தம்பிங்க சனிக்கெழம எந்தப் பக்கம் மரம் தள்றாங்க அத்த? நமக்குக் கடலு கெழக்கதான இருக்குது?”

அத்தையின் தம்பிகள் தேங்காய்த்திட்டுப் பக்கம் கட்டுமரம் வைத்திருந்தார்கள். அவர்கள் கொண்டுவரும் மீனைத்தான் அத்தை விற்றார். சனிக்கிழமை பிடித்த மீனையும்தான். கேட்டுவிட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்று எனக்கே உறைத்தது. கிழக்கே போவதையே பிழைப்பாக வைத்திருக்கும் குடும்பத்தில் யார் கிழக்குச் சூலம் பார்த்திருப்பார்கள்?

அத்தை மெல்லுவதை நிறுத்தினார். “எங்க வூட்ல யாரும் சூலம் பாத்ததில்ல. பாத்தா வாரத்துல ரெண்டு நாளு ஒல வெக்க முடியாது.”

“அப்பறம் எதுக்கு என் உயிர வாங்கறீங்க? நான் போறது புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மார்க்கெட்டில் அத்தையின் வாய்க்குப் பயந்து பேரம் பேசாதவர்கள் உண்டு. ஆனால் அவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

“கல்யாணத்துக்கு முன்ன எனக்குக் காயிதம் போடுவான். எதுத்த வூட்டுக்காரரு படிச்சிக் காட்டுவாரு. இப்ப ஒனக்குத்தான் போடறான். புருசன் பொண்டாட்டிக்கு எழுதனத மாமியாக்காரி என்னான்னு கேக்கலாமா? கெழமயும் தெசயும் கேட்டா, அன்னிக்கி அவன் எங்க இருப்பான், என்னா துன்னுவான், எங்க படுப்பான்னு எல்லாத்தையும் நீயே சொல்ற. அதுக்குத்தான் கேட்டேன்.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் எனக்கு எழுதும் கடிதங்களின் கடைசியில் ‘அம்மாவுக்கு என் அன்பு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்துவிடுவேன். மற்றதெல்லாம் பிரெஞ்சில், எனக்கு மட்டும். அது எங்கள் இருவருக்குமான சுகம். அந்தச் சுகத்துக்கு வெளியே ஒரு மனுஷி இத்தனை நாளாக உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பாவமாக இருந்தது. அதைவிட, இப்படி ஒரு தந்திரம் செய்து என்னையே பேசவைத்துவிட்டாரே என்று மெச்சவும் தோன்றியது. நானும் லேசுப்பட்டவள் இல்லை, என்னையே ஏமாற்றியிருக்கிறார்.

நீங்களும் வாருங்கள், காரில் பின்னால் இடம் இருக்கிறது, உங்களையும் சேர்த்துத் திட்டத்தை மாற்றிவிடுகிறேன் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். சொன்ன அடுத்த நொடியே, வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றும் நினைத்தேன். அத்தை சிரித்தார். மார்க்கெட்டில் உட்காரும் இடத்தை ஒரு வாரம் காலியாக விட்டால் வேறொருத்தி கூடையை வைத்துவிடுவாள், அப்புறம் பிரான்ஸ் ராஜா வந்தாலும் எழுப்ப முடியாது என்றார். பிரான்சில் இப்போது ராஜா கிடையாது என்று நான் திருத்தவில்லை.

அன்றைக்கு உட்கார்ந்து திட்டத்தைச் சுத்தமாகத் தமிழில் ஒரு தாளில் எழுதினேன். சூலம் இல்லாமல், சனிக்கிழமை ஷாமோனியோடு. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஊராக உரக்கப் படித்தேன். சிஸ்தெரோன், பிரியான்சோன், கலிபியே, ஆன்சி, ஷாமோனி, கிரெனோபிள் என்று என் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். அந்தந்த ஊரில் தன் மகன் என்ன செய்வான் என்பது அவருக்கு இப்போது மனப்பாடம். கடைசியாக, கிரெனோபிளிலிருந்து தெற்கே இறங்கி மறுபடியும் மார்செய் என்று முடித்தேன்.

“மார்செய்க்கு அப்பறம்?” என்று கேட்டார்.

தாளைப் பார்த்தேன். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பயணம் முடிந்தபின் நான் என் வீட்டுக்காரரோடு அங்கேயே தங்குவேனா, ஊருக்கு வருவேனா என்பதை அவர் எழுதவில்லை, நான் கேட்கவில்லை. தங்கச் சொன்னால் தங்கிவிடுவேன் என்பது எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டேதான் தினமும் வந்து உட்கார்ந்து, என்னை அனுப்பிவைக்கும் பாதையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மகனைக் கப்பல் ஏற்றியவருக்கு அடுத்து மருமகளையும் ஏற்ற வேண்டியிருந்தது.

பாயில் கிடந்த பென்சிலை எடுத்தேன். மார்செய்க்குக் கீழே ஒரு வரி எழுதினேன். என் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. அவருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், திட்டம் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தது அவர்தானே.

“என்னா எழுதன? படி.”

“மார்செய்க்கு அப்பறம் புதுச்சேரி. ரெண்டு பேரும்.”

அத்தை கிழமை கேட்கவில்லை. திசை கேட்கவில்லை. எடைக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டார், வரைபடத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். அப்புறம், அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.