ஓம் என்றால் இழு

கயிறு இழுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பத்து வயதிலேயே அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் அந்த எண்ணத்தில் மாற்றமில்லை. நான் சொல்வது தாரா வேட்டைக் கயிறு. தாரா என்பது எங்கள் வீட்டில் வாத்துக்குப் பெயர். பிளாஸ்டிக் தாராக்களைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நாணலுக்குள் ஒளிந்திருந்து இழுத்து இழுத்து விட வேண்டும். அவை தலையை ஆட்டி நீந்தும், சுற்றிலும் அலை எழும்பும். மேலே பறக்கிற உண்மைத் தாராக்கள் அதைப் பார்த்து, சொந்தக்காரர் வீடு என்று நம்பி இறங்கும்.

வேட்டைக்காரர் என் மாமா, அம்மாவின் தம்பி. மெல்பேர்ணில் எங்கள் வீட்டுப் பின் அறையில் இருந்தார். துவக்குக்கும் வேட்டைக்கும் முறைப்படி லைசன்ஸ் எடுத்தவர். பற்றறியில் செட்டை சுழலும் பொய்த் தாரா ஒன்றும் வைத்திருந்தார். அது நினைத்தால் சுழலும், நினைக்காவிட்டால் இல்லை. எனவே காற்றில்லாத நாட்களில் அவருடைய மானம் என் கையில்தான் இருந்தது. அசையாமல் கிடக்கும் தாராவை எந்தத் தாராவும் நம்பாது. கண்டபடி இழுத்தாலும் ஓடிவிடும். ஆகவே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: மாமா மெதுவாக "ஓம்" என்றால், அதாவது எங்கள் பேச்சில் ஆம் என்றால், இழுக்க வேண்டும், வேறு எதற்கும் இழுக்கக் கூடாது.

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள் எங்களோடு ஓர் அன்ரியும் வந்தார். தூத்துக்குடிக்காரர், நர்ஸ் வேலை, தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் மாமாவுக்குப் பழக்கமானவர். தன்னைக் கல்யாணம் செய்ய விருப்பமா என்று மாமா கேட்டு ஒரு மாதமாகியும் அன்ரி பதில் சொல்லவில்லை. மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அம்மாவுக்கு நித்திரை இல்லை. "அவவிட்ட ஒண்டும் கேட்டுக் கீட்டு வைக்காத" என்று அம்மா என்னை எச்சரித்து அனுப்பினார். மாமாவோ, தன் திறமையை நேரில் பார்த்தால் அன்ரியின் மனம் இளகும் என்று நம்பி, ஞாயிறு மத்தியானம் தாராக் கறி என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டார். அம்மா அதை நம்பிக் கோழி வாங்கவில்லை. என்னைக் கூட்டிப்போவது கயிற்றுக்காக மட்டும் என்று நானும் நம்பினேன்.

விடியும்போது நாணலுக்குள் மடக்குக் கதிரைகளில் இருந்தோம். ஏரி கோப்பையில் ஊற்றி வைத்த தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. சுழலும் தாராவுக்கு அன்று சுழல மனமில்லை. "குளிருதா பாப்பா?" என்றார் அன்ரி. பத்து வயதுக்காரியைப் பாப்பா என்பவரோடு எனக்கு என்ன பேச்சு?

ஒரு கூட்டம் வந்து ஏரிக்கு மேலே வட்டமிட்டது.

"அதுங்கதான் வாத்தா?" அன்ரி கிசுகிசுத்தார்.

"ஆமா" என்றார் மாமா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குடும்பத்தில் யாரும் ஆமா சொல்லி நான் கேட்டதில்லை. தாராக்கள் இன்னும் பதிந்து வந்தன. மாமா துவக்கைத் தூக்கினார். "ஆமா" என்றார் மறுபடியும். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா, ஆமா." பெரியவர்கள் தங்களுக்குள் கதைக்கும்போது குறுக்கிடக் கூடாது. நான் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் இருந்தேன். தாராக்கள் எங்கள் பிளாஸ்டிக் கூட்டத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு மேலெழும்பிப் போய்விட்டன.

"ஏன் இழுக்கேல்லை?"

"நீங்கள் ஓம் சொல்லேல்லையே."

"சொன்னனான்."

"இல்லை மாமா. ஆமா எண்டுதான் சொன்னனீங்கள்."

மாமா துவக்கை இறக்கிவிட்டுச் சேற்றைப் பார்த்தார். அன்ரி அவரையே உற்றுப் பார்த்தார்.

"எங்கிட்ட பேசிப் பேசியா இப்படி ஆயிட்டீங்க?"

மாமா "ஆ..." என்று தொடங்கி, நிறுத்தி, வாயை மூடிக்கொண்டார். அன்ரி முகத்தைத் திருப்பி, கையுறையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் என் பக்கம் பிழை இல்லை என்பதை இன்னொரு தடவை சொல்லி வைத்தேன். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு கூட்டம் வந்தது. எந்தச் சொல்லைச் சொல்வது என்று தெரியாமல் மாமா திணறினார். அப்போது அன்ரி சொன்னார்:

"ஓம்."

அவர் வாயில் அது சரியாக வரவில்லை. சொன்னதும் மாமாவைப் பார்த்து. என்னைப் பார்த்து இல்லை. இருந்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். பிளாஸ்டிக் தாராக்கள் உயிர் வந்ததுபோல நீந்தின. மேலே வந்தவை செட்டையை விரித்து, காலை முன்னே நீட்டி, எங்கள் மூக்குக்கு நேரே இறங்கின. அதைவிட நன்றாக இந்த நாட்டில் யாரும் இழுத்திருக்க முடியாது.

மாமா சுடவில்லை. தாராக்கள் பக்கம் திரும்பவுமில்லை. அன்ரியைப் பார்த்தபடி வாயைப் பிளந்துகொண்டு இருந்தார். "சுடுங்கோ மாமா" என்று நான் கத்தியதில் எல்லாம் பறந்துபோயின.

திரும்பும் வழியில் ஒரு கடையில், கல்லாக உறைந்த தாரா ஒன்றை வாங்கினோம். நான் வெட்கத்தில் காரை விட்டு இறங்கவில்லை. மாமா வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் குசினியில் அவர் காதோடு ஏதோ சொல்ல, அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார், அன்ரியைக் கொஞ்சினார். இனி இவரை மாமி என்று கூப்பிட வேண்டும் என்று எனக்குச் சொன்னார். கடையில் வாங்கிய தாராவுக்கா இவ்வளவு கொண்டாட்டம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை தாராக்களை இறக்கிக் காட்டிய என்னை ஒருவரும் பாராட்டவில்லை.

மாமி அன்றைக்குச் சொன்ன அந்த ஓம் என் கயிற்றுக்குத்தான் என்று, அவர்களுடைய கல்யாணம் முடிந்தும் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.