யாரும் வேலைக்குப் போகாத படங்கள்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கடைவீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை நாங்கள் படம் திரையிட்டு வந்தோம். படங்களைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. யாரும் கேள்விப்படாத, விசித்திரமான சிறு படங்களாகவே தேடிப் பிடிப்பேன். முதலில் நாற்பது பேர் வந்தார்கள். மூன்றாம் ஆண்டில் ஒன்பது பேர்.

அவர்களில், பக்கத்து ஊரான பத்து காஜாவிலிருந்து பஸ் பிடித்து வரும் ஓர் அக்காவும் உண்டு. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஒரு படத்தையும் விட்டதில்லை.

அன்றைய படத்தில் ஒருவன் குளியல் தொட்டியில் வாத்து வளர்த்தான். அவன் காதலி யாருடனும் பேசாமல் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் வழக்கம்போல் கருத்துக் கேட்டேன். அக்கா மட்டும் எழுந்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. போன மாசம் ஒருத்தன் ஆட்டுக்கிட்ட பேசினான், இந்த மாசம் வாத்து. இவங்க யாருமே வேலைக்குப் போக மாட்டாங்களா லா? எனக்கு நாளைக்குக் காலையில ஷிஃப்ட் இருக்கு."

சிலர் சிரித்தார்கள். அவர் நிஜமாகவே கேட்டார். இயக்குநரின் பார்வை என்று ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். படம் ஓடும்போது நானே இரண்டு முறை கைப்பேசியில் மணி பார்த்திருந்தேன்.

"அடுத்த மாசப் படத்த நீங்களே சொல்லுங்கக்கா," என்றேன்.

அவர் சொன்னது, அண்ணனும் தங்கையும் பிரிந்து அழும் ஒரு பழைய படம். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் நின்று, அவர்கள் மூக்கைச் சிந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது படம் தேர்ந்தெடுப்பது அக்காதான். நான் நாற்காலிகளைப் போடுகிறேன்.