பங்களாவுக்குத் திரும்பிய மேசை

சாப்பாட்டு மேசை என்றுதான் அதற்குப் பெயர். ஆனால் அத்தை வீட்டில் அது இருந்த காலம் முழுக்க அதன்மேல் யாரும் ஒரு டம்ளர் காப்பி வைத்துக்கூட நான் பார்த்ததில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்காரக்கூடிய தேக்கு மேசை, கடைந்த கால்கள், விளிம்பு முழுக்கக் கொடி வேலைப்பாடு. அத்தையின் முன்னறையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். சமையல் பக்கம் போக வேண்டுமென்றால் சுவரை ஒட்டி ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். அத்தை அதனடியில் பாய் விரித்துப் படுப்பாள். சனிக்கிழமையானால் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் மேலும் கீழும் துடைப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அவசரத்தில் ஒருநாள் புத்தகப் பையை அதன்மேல் போட்டுவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இருக்கிறதே, அப்பப்பா! "எடுறி அத. ஜல்தியா எடு. பொணம் படுக்கற எடத்துல பொஸ்தகத்த வெக்கிறியே, அறிவு கீதா ஒனக்கு?"

அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. திண்டிவனத்தில் ஏரிக்குப் போகிற சாலையில் ஒரு பழைய பங்களா உண்டு. அதில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அத்தைக்கு அங்கேதான் வேலை. தட்டு கழுவுவாள், மேசை விரிப்பு மாற்றுவாள், ஜன்னல் துடைப்பாள். டாக்டரம்மா தன் தேசத்துக்கே திரும்பிப் போகிற நாள் வந்தபோது வீட்டுச் சாமான்களையெல்லாம் எங்கள் காலனி சனங்களுக்கே கொடுத்துவிட்டார். அவரவர் சுமக்க முடிந்ததைச் சுமந்து போனார்கள். அத்தை மட்டும் கையை நீட்டி மேசையைக் காட்டினாளாம். மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால் வாசலில் நுழையவில்லை. மாமா ஒரு வார்த்தை பேசாமல் முன்சுவரை இடித்து, மேசையை உள்ளே ஏற்றி, திரும்பவும் சுவரை எழுப்பினார். "பொண்டாட்டி ஆசப்பட்டாள்னு செவுத்த ஒடச்சவருடி உங்க மாமா" என்று சொல்லும்போதெல்லாம் அத்தைக்கு முகம் சிவந்துவிடும்.

அந்த மழைக்காலத்திலேயே மாமா போய்விட்டார். கிணறு தூர் வாரப் போன இடத்தில் மண் சரிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தரையெல்லாம் தண்ணீர். அதுவரைக்கும் எங்கள் தெருவில் சாவு என்றால் தரையில் ஒரு பாய், அவ்வளவுதான். ஈரத்தில் எப்படிப் போடுவது என்று எல்லாரும் திகைத்து நிற்கையில் யாரோ "மேச மேல தூக்குங்கப்பா" என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளை வேட்டி போர்த்தி அவரை அங்கே கிடத்தினார்கள். "உயிரோட இருந்த வரைக்கும் ஒரு நாற்காலில உக்காந்ததில்ல மனுசன். அன்னிக்கி தொரை மாதிரி இருந்தாருடி" என்பாள் அத்தை. அதற்கப்புறம் தெருவில் யார் செத்தாலும், சவப்பெட்டி வருகிற வரைக்கும் அத்தையின் மேசைதான். மேசை வெளியே வராது, ஆகையால் செத்தவர்கள் அங்கே வந்தார்கள். ஃப்ரீசர் பெட்டி வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பெட்டியை மேசைமேல்தான் வைத்தோம். 'மேசையில் ஏறிவிட்டான்' என்றால் எங்கள் தெருவில் என்ன அர்த்தமென்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், சும்மா இருக்க மாட்டாமல் பங்களா கமிட்டியில் நானும் சேர்ந்தேன். பூட்டிக் கிடந்து வௌவால் அடைந்த பங்களாவை, அதற்குச் சொந்தமான எங்கள் திருச்சபை பழுது பார்க்க முடிவு செய்திருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் வைக்கலாம், திருவக்கரைக் கல்மரம் பார்க்க வருகிறவர்கள் தங்க இரண்டு அறை விடலாம் என்று யோசனை. வேலையைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் பெண் வந்தாள். அந்த வீட்டுக்கும் அதன் சாமான்களுக்கும் ஒரே மரம், ஒரே கை என்றாள். கூரையின் உத்தரத்துக்கு வந்த தேக்கில்தான் மேசையும் அலமாரியும் செய்திருக்கிறார்கள், சாப்பாட்டு அறையின் கிழக்கு ஜன்னல் இருக்கிற உயரமே மேசையை மனத்தில் வைத்துத்தான் என்றாள். "சாமான வெளிய விட்டுட்டு செவுத்துக்கு மட்டும் சுண்ணாம்பு பூசினா அது பாதி வீடுதான் ஆன்ட்டி." ஆன்ட்டி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. சொன்ன விஷயம் பிடித்தது.

வீடு வீடாகப் போனோம். டாக்டரம்மா முகம் கழுவிய மேசைமேல் ஒரு வீட்டில் டிவி உட்கார்ந்திருந்தது. தொப்பி மாட்டும் கம்பத்தில் தையல் கடைக்காரர் ரவிக்கைகளைத் தொங்கவிட்டிருந்தார். டாக்டரம்மாவே வரைந்த பனமலை ஏரிப் படம், குன்றும் கோயிலும் தண்ணீரில் தெரிவது, ஒரு வீட்டில் நாள்காட்டிக்குப் பின்னால் ஆணியில் கிடந்தது. முனகினாலும் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். பாக்கி இருந்தது மேசை ஒன்றுதான். "ஒங்க அத்ததானே, நீங்களே பேசுங்க" என்று கமிட்டி என் தலையில் கட்டிவிட்டது.

போனபோது அத்தை மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு மெதுவாக வரலாம் என்று பார்த்தேன். "இன்னாடி நர்சம்மா, சுத்தி வளைச்சிக்கினு கீற? வந்தத சொல்லு" என்றாள். சொன்னேன். உரித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "குடுத்துட்டா என்னைய எங்கடி கெடத்துவ? பந்தல்காரன் டேபிள்லயா? அதும்மேலதான மொய் எழுதறானுங்க." எத்தனையோ சாவைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். நானும் கூட உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கத் தொடங்கினேன். மாமா படுத்த இடத்தில் தானும் படுக்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஆர்க்கிடெக்ட் பெண்ணே வந்து மேசைக்கடியில் தவழ்ந்தாள். விளிம்பிலிருந்த கொடியையும் தன் போனிலிருந்த, அதே கொடி செதுக்கிய பங்களா ஜன்னல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அத்தை அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அந்த ஜன்னலைத்தானே தினம் துடைத்தாள்! பிறகு நிதானமாகச் சொன்னாள். "எம்மவன் மெட்ராஸ்ல கீறான். நான் கண்ண மூடினதும் இந்த வூட்ட இடிச்சி மாடி கட்டுவான். மேசைய எவனாச்சும் கடைக்காரன் அறுத்து ரெண்டாக்கி வித்துருவான். அதுக்கு அது பொறந்த வூட்டுக்கே போவட்டும். ஆனா சொல்லிட்டேன், மேச அங்க போனா, செத்ததும் நாங்களும் அங்கதான் வருவோம்."

இதைக் கமிட்டியில் சொன்னதுதான் தாமதம், பொருளாளர் குதித்தார். அவரும் எங்கள் தெருவில் பிறந்தவர்தான், இப்போது விழுப்புரத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டவர். "ஜனங்க வந்து தங்கி சாப்பிடற எடத்துல பொணத்த வெப்பாங்களா? ஊரு சிரிக்கும்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது, என் குணம் அப்படி. நான் கத்துவதற்குள், கூட்டத்துக்கு என்னோடு வந்திருந்த அத்தை எழுந்துவிட்டாள். "ஏன்டா தம்பி, உங்கப்பன எங்கடா கெடத்தினோம்? அன்னிக்கி அதும்மேல தலைய வெச்சி அழுதவன் நீதான? அன்னிக்கி அசிங்கமா இருந்துச்சா?" பொருளாளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். கூட்டத்துக்குத் தலைமை வகித்த சபை ஆயர், "இதப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார். அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

முடிவு தெரியாமல் மேசையை அனுப்பாதே என்று அத்தையிடம் சண்டையே போட்டேன். கேட்டால்தானே! "நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நான் இருப்பேனா? எட்த்துக்கினு போவட்டும். என்னைய இன்னா பண்றதுன்னு நீங்க பாத்துக்கோங்க" என்றாள். மாமா எழுப்பிய சுவரை இரண்டாம் முறை இடித்தோம். செங்கல் விழ விழ அத்தை பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் நான் போனபோது, "தலைக்கி மேல ஒண்ணும் இல்லாம தூக்கமே வர்லடி" என்று மட்டும் சொன்னாள்.

இந்த வருஷம் கோடை தொடங்கும் முன் ஒரு விடியற்காலையில் அத்தை தூக்கத்திலேயே போய்விட்டாள். மெட்ராஸிலிருந்த மகனுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது, தெரு சனங்களெல்லாம் கூடிவிட்டார்கள். அழுகிறவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த முன்னறை அவ்வளவு பெரிதாக எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை. பழுது முடிந்து திறந்துவிட்ட பங்களாவில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சாவி பொருளாளரிடம். விருந்தாளி இருக்கிற நாளில் அவர் விழுப்புரத்திலிருந்து விடியுமுன்பே வந்து மேற்பார்வை பார்ப்பது வழக்கம். போன் போட்டேன். "அத்த போயிட்டாங்க, கூட்டிக்கினு வர்றோம்" என்றேன். போன் வைக்கப்பட்டுவிட்டது. வருவது வரட்டும் என்று அத்தையைப் பக்கத்து வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தூக்கச் சொன்னேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே இறக்கிவிட்டு ஒப்பாரி வைப்பது என்று முடிவு கட்டித்தான் நடந்தேன்.

பங்களா கேட் திறந்திருந்தது. விருந்தாளிகள் கையில் தட்டோடு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். முன்வாசல் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. ஆனால் கட்டிலைத் தூக்கி வந்தவர்கள் நேராகப் போகாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார்கள். யாரும் சொல்லவில்லை, கால் தானாகத் திரும்பியது. அத்தை வேலை பார்த்த காலத்தில் எங்கள் சனங்களுக்கு அந்தப் பக்கம்தான் வழி. டாக்டரம்மா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வழி அதுதான். "எங்க போறீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. பொருளாளர் படியில் நின்றிருந்தார். சட்டைக்கை மடித்துவிடப்பட்டு, தோளில் மேசை துடைத்த துணி. "அந்தப் பக்கம் எதுக்கு? இப்பிடி வாங்க, முன்வாசல்ல வாங்க" என்றபடி இறங்கி வந்து, கட்டிலின் தலைமாட்டை ஓர் ஆளிடமிருந்து தன் தோளுக்கு வாங்கிக்கொண்டார். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அத்தை முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போனாள்.