சகலை ஊன்றிய முட்டி

செந்துறைப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களில் சிங்காரவேலுவுக்கு இணையாகக் கடப்பாரை பிடிக்க ஆள் கிடையாது. பாறை தட்டினால் மற்றவன் மேலே ஏறி வந்து பீடி பற்றவைப்பான். இவன் வேட்டியை இறுக்கிக்கொண்டு உள்ளே இறங்குவான். உடம்பு அப்படி. மனசு இருக்கிறதே, அதுதான் கடுகளவு. பக்கத்து வீட்டு மாடு கால்படி பால் கூடக் கறந்துவிட்டால் இவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அதை மறைத்தவனும் இல்லை. "எனக்கு வயித்தெரிச்சல் கொஞ்சம் சாஸ்தி. பொறந்த நேரம் அப்புடி" என்று அவனே சொல்லுவான்.

இந்த மனுஷனுக்குப் பெண் கிடைத்ததே மல்லுக்கட்டால்தான். திருமானூருக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையில் ஓர் ஊர். பங்குனித் திருவிழா முடிந்த மறுநாள் மத்தியானம் அங்கே குழி வெட்டி, மண்ணைச் சலித்துக் கொட்டி, ஆளோடு ஆள் மோத விடுவார்கள். கடைசிவரை நின்றவன் தலையில் சரிகைக் கரை போட்ட துண்டை உருமாலாகக் கட்டுவார்கள். 1966-ல் வேடிக்கை பார்க்கப் போன சிங்காரவேலு, கை சும்மா இருக்காமல் குழியில் இறங்கி மூன்று பேரைச் சாய்த்துவிட்டான். கூட்டத்தில் நின்ற அமிர்தலிங்கம் தன் மூத்த மகள் புஷ்பவல்லியை அவனுக்கே கொடுத்தார். அதற்கப்புறம் அந்த உருமால் வேறு தலைக்குப் போகவே இல்லை. மாமனார் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். மாமியார் கலியம்மாள் உருமால் துண்டுகளையெல்லாம் பெட்டியில் மடித்து வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாள்.

இளைய மகள் ஜெயலட்சுமியைப் பூலாம்பாடி அண்ணாதுரைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பட்டாளத்துக்காரன். கல்யாணத்தின்போது ஒல்லிக்குச்சியாக இருந்தான். சிங்காரவேலுவும் அவனை ஒரு ஆளாக நினைக்கவில்லை. ஆறு வருஷம் கழித்து, 1978 பங்குனியில், லீவில் வந்து இறங்கினானே பார்க்கணும்! கழுத்து எது, தோள் எது என்று தெரியவில்லை. ரெஜிமெண்டில் குஸ்தி பழகினானாம், பஞ்சாப் பயில்வான்களிடம். சொன்னது ஜெயலட்சுமி. சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பூரிப்பைச் சிங்காரவேலுவால் பார்க்க முடியவில்லை.

போதாக்குறைக்கு அண்ணாதுரைக்குக் கதை சொல்லவும் வரும். மாமனார் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான் என்றால் தெருவே வாசலில் வந்து நிற்கும்.

"நாகாலாந்துல இடுப்புல கச்சை கட்டிக்கிட்டு, அதைப் புடிச்சுத்தான் தூக்கணும். ஜப்பான்காரன் ஆனை மாதிரி இருப்பான், ஆனா வட்டத்தை வுட்டுக் காலு வெளிய போச்சுன்னா தோத்துட்டான். துருக்கின்னு ஒரு தேசம். அங்க ஒடம்பு பூரா எண்ணெய ஊத்திக்கிட்டு மல்லுக்கட்டுறாங்க. எங்க சுபேதார் படம் காட்டினாரு."

"எண்ணெய ஊத்திக்கிட்டா? புடி எப்புடி கெடைக்கும் மாப்ள?" என்று வாயைப் பிளந்தாள் கலியம்மாள்.

பன்னிரண்டு வருஷமாகத் தன் பிடியைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்டதுண்டா? சிங்காரவேலு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது.

அந்த வருஷம் குழியில் இறங்கப்போவதாக அண்ணாதுரை சொன்னதும் ஊர் துள்ளிக் குதித்தது. மூத்த மாப்பிள்ளையா, இளைய மாப்பிள்ளையா என்று டீக்கடையில் பந்தயமே நடந்தது. சிங்காரவேலுவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் துண்டு ஒரு தடவை கைமாறினால், அந்த வீட்டில் தன்னை யார் சீந்துவார்கள் என்ற பயம் அவனைத் தின்றது.

திருவிழாவுக்கு மறுநாள் காலை இருவரும் பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தார்கள். புஷ்பவல்லி கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அண்ணாதுரை தலையைத் துவட்டியபடி கேட்டான்.

"அண்ணே, ஊருக்கு ஊரு வழக்கம் மாறுது. எங்க பூலாம்பாடியில சடுகுடுதான், இது கெடையாது. பஞ்சாப் கணக்குல ரெண்டு தோளும் மண்ணுல பட்டாத்தான் தோல்வி. இந்த ஊருல எப்புடிங்கண்ணே?"

அந்த ஊர் வழக்கம் சிங்காரவேலுவுக்குத் தலைகீழ்ப் பாடம். பாதத்தைத் தவிர உடம்பில் எது மண்ணைத் தொட்டாலும் தோல்வி. கையானாலும் சரி, முட்டியானாலும் சரி. வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கினான்.

"எல்லா ஊரு மண்ணும் ஒண்ணுதான் தம்பி. கீழ வுழுந்தவன் தோத்தவன். இதுல என்ன கேக்குறதுக்கு இருக்கு?"

துணியை அடிக்க ஓங்கிய புஷ்பவல்லியின் கை அப்படியே நின்றது. புருஷனைப் பார்த்தாள். அவன் சோப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

சகலை இருக்கும்போது நாம் என்ன சொல்வது என்று ஊரில் வேறு யாரும் அவனுக்கு வழக்கத்தைச் சொல்லவில்லை. முன்னால் மோதிய ஜோடிகளும் முதுகு அதிர விழுந்ததால் முட்டி, கை என்ற பேச்சே வரவில்லை. கடைசியில் சகலைகள் இரண்டு பேரும் இறங்கினார்கள். மத்தியஸ்தம் கொளஞ்சியப்பன். அவர் காலத்தில் பெரிய மல்லன். கண் இன்னும் கழுகுக் கண்.

முதல் பிடியிலேயே சிங்காரவேலுவுக்குத் தெரிந்துவிட்டது, இது நம்மால் ஆகாது என்று. தள்ளினால் அசையவில்லை, இழுத்தால் வரவில்லை. திடீரென்று அண்ணாதுரை வலது முட்டியை மண்ணில் ஊன்றி அடியில் புகுந்தான். அடுத்த நொடி சிங்காரவேலு அவன் தோளுக்கு மேலே, கால் இரண்டும் ஆகாயத்தில். அப்பப்பா, என்ன கூச்சல்!

"முட்டி! முட்டி பட்டுப்போச்சு!" என்று கொளஞ்சியப்பன் கத்தினார். "வுடுப்பா, நீ தோத்துட்ட!"

அண்ணாதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. நினைத்திருந்தால் தூக்கியவனைத் தொப்பென்று போட்டிருக்கலாம். குழந்தையை இறக்குவதுபோல் இறக்கி நிறுத்தினான்.

"ஏம்ப்பா, பாதம் தவிர எது பட்டாலும் தோல்வின்னு ஒனக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டார் கொளஞ்சியப்பன்.

அண்ணாதுரை திரும்பிச் சிங்காரவேலுவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கொளஞ்சியப்பன் பக்கம் திரும்பினான்.

"அண்ணன் சொன்னாருங்க. நாந்தான் பழக்கதோஷத்துல மறந்துட்டேன்."

உருமால் கட்டினார்கள். கைதட்டல் என்னவோ துண்டு கட்டினவனுக்கு இல்லை, முட்டி ஊன்றினவனுக்கு. வீட்டுக்கு நடக்கும்போது சிங்காரவேலுவுக்கு அவமானத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. பலத்தில் ஜெயித்தான், சரி. இப்படி ஒரு பெரிய மனசும் அந்தப் பயலுக்குத்தான் வாய்க்கணுமா?

கொல்லையில் அண்ணாதுரை கால் கழுவிக்கொண்டிருந்தான். சிங்காரவேலு பக்கத்தில் போய் நின்றான்.

"ஏன் தம்பி பொய் சொன்ன?"

"வுடுங்கண்ணே. நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. கல்யாணமாகி மொத நாளு இந்த வூட்டுக்கு வந்தப்ப, அத்தை ஒங்க துண்டையெல்லாம் வரிசையா எடுத்துக் காட்டினாங்க. அன்னிக்கு ஆரம்பிச்ச வயித்தெரிச்சல். ஒங்கள ஒரு தடவையாவது தூக்கிக் காட்டணும்னுதான் குஸ்தியே கத்துக்கிட்டேன். தூக்கிட்டேன். எனக்கு அது போதும்."

தன்னைப் பார்த்து ஒருவன் ஆறு வருஷம் வயிறெரிந்திருக்கிறான்! இத்தனை நாளில் இது ஒன்று தெரிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கலியம்மாள் கறிக்குழம்பை ஊற்றியபடி, "தோத்தாலும் எங்க சின்ன மாப்ள வாயில ஒரு குறை வந்துச்சா? கொணம்னா அதான் கொணம்" என்றாள்.

சிங்காரவேலு பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டான்.

"அத்தை, தம்பி சொன்னது பொய். அவரு கேட்டாரு. நாந்தான் வழக்கத்தைச் சொல்லாம மறைச்சேன். தோத்துருவோமோன்னு பயம்."

கரண்டி குழம்புக்குள் விழுந்தது. மாமனார் அமிர்தலிங்கம் இருமினார். கலியம்மாள் மூத்த மருமகனையே வெறித்துப் பார்த்தாள். பிறகு அவள் கண் கலங்கியது.

"கெலிச்ச பின்னால இப்புடி நாலு பேரு முன்னாடி ஒத்துக்க எத்தன பேருக்கு மனசு வரும்? இதான் எங்க மூத்த மாப்ள!"

எதிரே அண்ணாதுரையின் முகம் சுண்டிப்போயிற்று. வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அந்த முகம் எதைச் சொல்கிறது என்று சிங்காரவேலுவைவிட யாருக்குத் தெரியும்? நாற்பது வருஷமாகத் தன்னோடு இருக்கிற முகமாயிற்றே. உள்ளுக்குள் தேன் சொட்டியது அவனுக்கு. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.

புஷ்பவல்லி வந்து ஊற்றினாள். குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ரெண்டாந் தடவையும் அந்த மனுசனைச் சாச்சுப்புட்டீங்க. நிம்மதியாத் தின்னுங்க."